பெரிய டோஸ்

நெம்மேலியில் ஒரே வீட்டில் வாழ்ந்த ஓரகத்திகள் ரெஜினாவுக்கும் சிநேகாவுக்கும் ஒரே வருஷத்தில் தைராய்டு வந்தது. இருவருக்கும் கதிரியக்க அயோடின்தான் கொடுத்தார்கள். இளையவள் சிநேகா ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு அன்றைக்கே வீடு திரும்பினாள். மூத்தவள் ரெஜினாவுக்கோ பத்து மடங்கு டோஸ், ஆஸ்பத்திரியில் தனி அறை. திரும்பி வந்த பிறகும் மாடியறையில் தனியாக இருந்தவளுக்கு மாமியார் மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள்.

"பெரிய மருமகளுக்கு மருந்துகூட பெருசு" என்று சிநேகா மாடிக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

அந்த வாரம் மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டாள். "எனக்கு மட்டும் ஏன் சார் இத்துனூண்டு?"

"உங்க சுரப்பி அதிகமா வேலை செய்யுது. அத அடக்க இது போதும். பெரிய டோஸ் புற்றுநோய்க்குக் குடுக்கறதும்மா."

வீட்டில் ரெஜினா அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

வந்ததும் மாடியறை வாசலில் போய் நின்றாள். "ஏங்க்கா எங்கிட்டகூட சொல்லல?"

"சொன்னா நீயும் பாவமா பாத்துகினு இருப்ப. எங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும், அவரு அப்டித்தான் பாக்குறாரு" என்றாள் ரெஜினா. "நீ வயிறெரிஞ்சுகினு இருந்தப்ப மட்டுந்தான் எனக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு."

சிநேகா அழுகையை அடக்கிக்கொண்டாள். பிறகு பழைய கடுப்புடன் கேட்டாள். "அந்த ரூம்ல ஏசி இருந்துச்சா?"

"ஏசி, டிவி எல்லாம் இருந்துச்சு."

"நல்லாத்தான் அனுபவிச்சிகீற" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே கொஞ்சம் நிஜமாகவே எரிந்தது. ரெஜினா வாய்விட்டுச் சிரித்தாள்.