இரண்டு கட்டச் சொல்

மகள் பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கணக்குத் தணிக்கைக்கு வந்த அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையிலிருந்து தையலம்மா அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நூலக மாடியில் வாரம் ஒருநாள் முதியவர்களுக்குச் சொற்புதிர்ப் பயிற்சி. மூளை துருப்பிடிக்காமல் இருக்கவாம். குழுவில் எல்லோருக்கும் பழைய தொழிலே பெயர். இவள் தையலம்மா, இவள் புருஷன் லிஃப்ட்காரர், எதிரே பல் டாக்டர்.

போன மாதம் வீட்டில் அடுப்பு எரிந்தபடியே கிடந்து, பாத்திரம் கருகிப் புகை மண்டிவிட்டது. "அப்பாதான் அணைக்காம விட்டுட்டார்" என்று மகளிடம் சொன்னவள் தையலம்மாதான். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிற மனுஷன் அன்றைக்கு மட்டும் வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள்: அப்பாவுக்கு மறதி முற்றுகிறது, வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள். முதலில் அவர் புதிர் விடுவிப்பதை வந்து பார் என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் அவளை இங்கே வரவழைத்திருந்தாள் தையலம்மா.

பயிற்சி நடத்தும் பெண் புதிர்த்தாளைப் பலகையில் ஒட்டினாள். "வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வெளிய பாக்கும். நாலு கட்டம்."

"ஜன்னல்," என்றார் லிஃப்ட்காரர், அவள் வாயை மூடுவதற்குள்.

அடுத்ததும் அவரே. அதற்கடுத்ததும் அவரே. தையலம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகளின் புருவம்கூடக் கொஞ்சம் இளகியிருந்தது.

கடைசிப் புதிர். "சின்னதுதான். இது இல்லேன்னா சொந்த வீடே உள்ள விடாது. ரெண்டு கட்டம்."

லிஃப்ட்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "இது உன்னோடது. போன வாரம் நீதானே கண்டுபிடிச்சே? நீயே சொல்லு."

அவளுக்குப் பகீரென்றது. எல்லாம் கூடிவந்த நேரத்தில் காரியத்தைக் கெடுத்துவிட்டாரே பாவி மனுஷன். இந்தப் புதிரை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. மேசைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளிவிட்டு, மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏதோ நினைப்புல சொல்றார். இது இன்னிக்குத்தான் புதுசா போட்டது. இல்லையா டாக்டர்?"

பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பயிற்சி நடத்தும் பெண் தாளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் லிஃப்ட்காரர் முந்திக்கொண்டார்.

"ஆமா, இது புதுசுதான். நான்தான் குழம்பிட்டேன்."

மகள் எழுந்தாள். "பாத்தியாம்மா? போன வாரம் எது, இந்த வாரம் எதுன்னே அப்பாவுக்குத் தெரியல. வாங்க, கிளம்பலாம்."

தையலம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் லிஃப்ட்காரரைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்ததும் குனிந்துகொண்டார்கள். அவளுக்கு விளங்கிவிட்டது. அப்படி ஒரு பயம் அவளுக்கு இதுவரை வந்ததில்லை.

"ஏங்க," என்றாள். "அன்னிக்கு அடுப்பை அணைக்காம விட்டது..."

"நான்தான்," என்றார் அவர், கேள்வி முடிவதற்கு முன்பே.

கதவருகே போய்விட்ட மகள் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவை. திரும்பி வந்து கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.