மிக்ஸியின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான்

மிக்ஸி பாதியில் நின்றபோதே அவளுக்குக் காரணம் தெரியும். அடியில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும். மோட்டார் சூடேறினால் அது வெளியே தள்ளிக்கொள்ளும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு ஓர் அழுத்து அழுத்தினால் போதும். தெரிந்தும், "என்னன்னு தெரியலையே" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

கல்யாணமான பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் அவள் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வந்த புதிதில், கண்ணடித்துக்கொண்டிருந்த டியூப்லைட்டுக்கு ஸ்டார்ட்டர் மாற்றினாள். "உனக்குக் கைராசிடி" என்றார் மாமியார். அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். ரிமோட் அழுந்தவில்லையா, பேட்டரி தொடும் தகட்டை ரப்பரால் தேய்க்க அவள். ஃபேன் சோம்பலாகச் சுற்றுகிறதா, கெப்பாசிட்டர் வாங்கி மாற்ற அவள். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைத்துக்கொண்டே பின்னால் போகவும் அவள்தான். "எங்க வீட்டுக்கு எலக்ட்ரீஷியனே வேண்டாம்" என்று கணவன் ஊரெல்லாம் பெருமையடித்தான். கூரியர் ஆபீசில் நாள் முழுக்க நின்றபடி பார்சல் எடைபோட்டுவிட்டு வருவாள். செருப்பைக் கழற்றுவதற்குள் "வந்துட்டியா, இதைக் கொஞ்சம் பாரு" என்று ஒரு குரல் வரும்.

மிக்ஸி இல்லாத இரண்டு நாளும் மாமியார் எல்லாவற்றையும் கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கிச் சமைத்தார். யாரும் இளைத்துப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவன் மிக்ஸியைப் பையில் போட்டு ரிப்பேர் கடைக்குத் தூக்கிப்போனான். கால் மணி நேரத்தில் முகம் சுண்டித் திரும்பினான்.

"கவுத்துப் போட்டு ஒரு பட்டனை அமுக்கினார், அவ்வளவுதான். கடையில இருக்கிறவங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். காசு கேக்கலையே?" என்றார் மாமியார்.

"கேக்கல. 'போன மாசம் உங்க வீட்டம்மா வந்தப்பவே இதைச் சொல்லிக் கொடுத்தேனே சார்'ங்கிறார்."

மாமியார் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சே என்னை ரெண்டு நாளா நறுக்க விட்டியா?"

"ஆமா அத்தை."

பயம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

"தெரியும்னு சொன்னா அதுவும் என் தலையில விழும். இந்த ஒண்ணாவது எனக்குத் தெரியாததா இருக்கட்டும்னு நினைச்சேன்."

இதைக் கோபமாகச் சொல்வதாகத்தான் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல வெளியே வந்தது. ஓய்வெடுக்கக்கூட ஒரு பொய் தேவைப்பட்டிருக்கிறதே என்பதுதான் உறுத்தியது.

"எல்லாம் பத்து நிமிஷ வேலைதானே?" என்றான் கணவன்.

"பத்துப் பத்தாத்தான் என் ஞாயித்துக்கிழமை போகுது."

அவன் உள்ளறைக்குப் போனான். அவள் கூடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். சற்றுப் பொறுத்து உள்ளறையிலிருந்து அவன் குரல் வந்தது.

"இங்க லைட்டு மங்கலா இருக்கே. புது பல்பு வாங்கணுமா?"

"வேண்டாம். தூசி படிஞ்சிருக்கும், துடைச்சா போதும்."

"வந்து காட்டேன்."

"வாயால சொல்றேன். முதல்ல சுவிட்சை அணைங்க. பல்பு ஆறட்டும். அப்புறம் கழட்டிக் காஞ்ச துணியால துடைங்க, ஈரத்துணி கூடாது."

ஸ்டூல் இழுபடும் சத்தம். "விழுந்து வைக்கப்போறான்டி, போய்ப் பிடி" என்றார் மாமியார்.

"நீங்க பிடிங்க அத்தை."

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார். போகிற நடையிலேயே கோபம் தெரிந்தது.

"எந்தப் பக்கம் திருகணும்?"

பாயில் கிடந்த அவள் வலது கை தானாகவே இடப்புறமாகத் திரும்பியது. கால்கூட எழப் பார்த்தது. அவள் அந்தக் கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இடது பக்கம்" என்றாள். "மெதுவா."