அம்மாவின் வாய்

ஒஸ்லோவில் இத்தனை வருஷம் இருந்தும் பாலேஸ்வரியின் நாக்கில் நோர்வே மொழி ஏறவில்லை. ஏறத் தேவையும் இருக்கவில்லை. மகள் சாம்பவி இருந்தாள். டொக்டரோ, வங்கியோ, பள்ளிக்கூடமோ, பல் முளைத்த காலத்திலிருந்தே தாய்க்காகக் கதைத்தவள் அவள்தான். "இவள்தானே எனக்கு வாய்" என்று பாலேஸ்வரி கண்டவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாள்.

விடுமுறைக்கு முன் வகுப்பு ஆசிரியை கூப்பிட்டு விசாரித்தபோதும் சாம்பவிதான் மொழிபெயர்த்தாள். மாமாவைப் பார்க்கப் போகிறோம், மூன்று கிழமையில் திரும்பிவிடுவோம். தனக்குத் தானே குழி தோண்டுகிறோம் என்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது. வகுப்புப் பையன் ஒருவனோடு அவள் கைகோத்து நடந்ததை யாரோ புண்ணியவான் அப்பாவிடம் கோள்மூட்டியிருக்கிறான். பதினான்கு வயதுப் பிள்ளை கெட்டுப்போகுமுன் காப்பாற்ற வேண்டுமாம். மாமாவின் பிளாட்டில் ஓர் அறை, இன்டர்நேஷனல் ஸ்கூலில் ஓர் இடம், எல்லாம் ஏற்கெனவே ஒழுங்கு. அவளுடைய பாஸ்போர்ட்டை மாமா வாங்கிப் பூட்டிவிட்டார். அம்மாவும் தம்பி ஜனாவும் நாளைக்குப் பறக்கிறார்கள். சாம்பவி அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், ஒருவரும் அசையவில்லை.

மகள் இனி வரமாட்டாள் என்று ஒஸ்லோவிலிருந்த அப்பா பள்ளிக்கு அறிவித்திருந்தார். பின்னேரம் ஆசிரியையே அழைத்தார். பாலேஸ்வரி ஸ்பீக்கரைப் போட்டு போனை நீட்டினாள்.

"இங்க படிக்கத்தான் விருப்பம் எண்டு சொல்லு பிள்ளை. மாறிச் சொன்னியெண்டால் அங்க சிறுவர் பாதுகாப்புக்காரர் ஜனாவைப் பறிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். பிறகு நீதான் பொறுப்பு."

அப்படிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பத்தின் கதையை அம்மாவுக்குப் பத்திரிகையிலிருந்து வாசித்துச் சொன்னவளே சாம்பவிதான்.

உன் விருப்பமில்லாமல் உன்னை அங்கே வைத்திருக்கிறார்கள் என்றால் பதில் சொல்லாதே, பேசாமல் இரு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் ஆசிரியை. அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். ஜனா சோபாவில் குப்புறக் கிடந்து கார்ட்டூன் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தனக்கு இங்கே நல்ல விருப்பம் என்று அவசர அவசரமாக நோர்வே மொழியில் சொன்னாள் சாம்பவி.

"என்னவாம்?" என்றாள் பாலேஸ்வரி.

"நல்லாப் படிக்கட்டாம்."

தங்கமான மனுசி என்று ஆசிரியையை மெச்சியபடி பாலேஸ்வரி மகளை இழுத்து உச்சி மோந்தாள். சாம்பவி தன்னை விடுவித்துக்கொண்டாள். இந்த அம்மாவை இனி ஒருநாளும் மன்னிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டு, ஜனாவின் சூட்கேசை அடுக்கப் போனாள்.