மிச்சம் ஒன்றரைச் சுற்று

இரண்டாவது தடவையாக என் இடுப்பெலும்பில் கம்பி வைத்துத் தைத்த மெட்ராஸ் டாக்டர், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொன்னார். "பொங்கல் வரைக்கும் இந்தக் கால் தரையில ஊனக் கூடாது. ஊனினா, மூணாவது தடவை என்கிட்ட வராதீங்க. கம்பி வைக்க எலும்பு மிச்சமில்லை."

அவருடைய கோபம் நியாயம்தான். முதல் கம்பி நேர்த்திக்கடனில் கழன்றது. நான் திண்டிவனத்தில் டிரில் மாஸ்டர். சைக்கிளோடு மதகில் விழுந்து இடுப்பு முறிந்தபோது, விழுப்புரத்தில் இருக்கும் என் அக்கா அஞ்சம்மாள் திருவக்கரை அம்மனிடம் வேண்டிக்கொண்டாள்: தம்பி எழுந்து நடந்தால் மூன்று சுற்று உருள வைக்கிறேன். உருள்கிறேன் என்றல்ல, உருள வைக்கிறேன் என்று. எழுந்தேன், நடந்தேன், ஈர வேட்டியோடு பிரகாரத்தில் உருண்டேன். ஒன்றரைச் சுற்றில் இடுப்புக்குள் டக்கென்றது.

மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் இந்தத் தடவை அக்கா வீட்டில் கட்டில். என் உடம்பே எனக்குக் குமட்டியது. மைதானத்தைக் கணக்கில்லாமல் சுற்றிவந்த தொடை முருங்கைக்காயாக வற்றிக் கிடந்தது. படுக்கையிலேயே மலம் கழிக்கும் தட்டை அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்துப்போவாள். அந்தக் கையைக் கழுவிவிட்டு வந்து கேப்பைக் கூழ் ஊட்டுவாள். பார்க்க வந்தவர்கள் எனக்கு வந்த ரொட்டியைத் தின்றபடியே தையல் போட்ட இடத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார்கள். உருண்டதால் உடைந்தது என்று ஒரு வாயாவது சொல்லவேண்டுமே. பாதியில் நிறுத்தியதுதான் குற்றமாம்.

"மிச்சம் ஒன்னரை சுத்து அப்படியே நிக்குது தம்பி" என்பாள் அக்கா.

அக்குள் கட்டைகள் வந்த அன்றுதான் மனிதனானேன். அடிபட்ட காலைத் தூக்கிப் பிடித்தபடி, கொல்லைக்கோடியில் இருந்த கக்கூசுக்கு யார் தயவும் இல்லாமல் போய்வந்தேன். அந்தத் தட்டைக் குப்பையில் எறியச் சொன்னேன். பொங்கல் கழிந்து காலை ஊன்றிவிட்டால் டிரில் மாஸ்டர் வேலை எனக்குத்தான் என்று ஹெட்மாஸ்டரும் சொல்லி அனுப்பியிருந்தார்.

பௌர்ணமியன்று கண்விழித்தபோது கட்டைகளைக் காணவில்லை. அக்காவையும் காணவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, வயிற்றையும் பிடித்துக்கொண்டு உச்சிப்பொழுது வரை கிடந்தேன்.

நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தாள்.

"கட்டை எங்கே அக்கா?"

"அம்மன் காலடியில வச்சிட்டு வந்துட்டேன். நொண்டிக்கினு இருக்கிறவனுக்குத்தானே கட்டை? இனிமே என் தம்பிக்கு வாணாம்னு சொல்லிட்டு வந்தேன்."

"டாக்டர் பொங்கல் வரைக்கும்னு சொல்லியிருக்காரு."

"டாக்டரு பெருசா, அவ பெருசா? எழுந்து நில்லு தம்பி. ஒன்னும் ஆவாது, நான் புடிச்சிக்கிறேன்."

சந்தோஷமாகக் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. ஆனால் வயிறு அதற்கு மேல் பொறுக்காது. எழுந்து நின்றால் கால் போகும். நிற்காவிட்டால் கட்டிலிலேயே போகும். நான் அவள் கையைத் தொடவில்லை. மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தேன். அடிபட்ட காலை முன்னால் நீட்டிவைத்து, இரண்டு கையையும் நல்ல காலையும் ஊன்றி, பின்பக்கமாகக் கக்கூசை நோக்கி நகர ஆரம்பித்தேன். நடையைத் தாண்டினேன், கோழி எச்சத்தைத் தாண்டினேன், கிணற்றடிச் சேற்றில் இறங்கினேன். வேட்டியெல்லாம் நாறியது. நின்றிருந்தால் நாறியிருக்காது என்று தெரியும். ஆனாலும் அந்தக் கால் தரையில் ஊன்றவில்லை. அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

பின்னாலேயே வந்த அக்கா சட்டென்று நின்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி, அவசரம் முடிச்சிட்டு அப்படியே இந்தக் கிணத்தை ஒன்னரை சுத்து சுத்திடேன். உருண்டதா வச்சிக்கச் சொல்லி அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

தூ என்று துப்பினேன். தரையோடு தரையாகக் கிடப்பவன் துப்பினால் தூரமா போகும்? என் மடியிலேயே விழுந்தது. அதைத் துடைத்துவிடத்தான் அக்கா முந்தானையோடு குனிந்தாள்.