பூனைக்காரியின் சொந்தபந்தங்கள்

புகுந்த வீட்டார் அவளுக்கு வைத்த பெயர் பூனைக்காரி. தோட்டத்துக்கு வரும் பறவைகளையும் அக்கம்பக்கத்து வீட்டுப் பூனைகளையும் வரைந்து விற்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்களாம்! அதை ஒரு வேலை என்று அவர்கள் மதித்ததே இல்லை. குடும்பம் கூடும்போதெல்லாம் கணவனின் சித்தப்பா, "என்னம்மா, இந்த வாரம் எத்தனை பூனை பிரசவம்?" என்று கேட்பார். கூட்டமே குலுங்கிச் சிரிக்கும். அவளும் பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தூரிகையை எடுப்பாள்.

எடுத்து என்ன செய்வாள்? அவர்களைத்தான் வரைவாள்.

சோபாவில் வயிறு தெரிய மல்லாந்து, யார் தட்டில் என்ன விழுகிறது என்று ஒற்றைக்கண்ணால் நோட்டம் விடும் சாம்பல் நிறப் பூனை, சித்தப்பா. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் மார்பை நிமிர்த்தி, குளிக்க வந்த குருவிகளையெல்லாம் அதட்டும் மைனா, நாத்தனார். ஜன்னல் கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சொக்கி நிற்கும் புறா, சாட்சாத் கணவன். வாங்க வருகிறவர்கள், "ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்கே, எப்படிங்க?" என்று வாய் பிளப்பார்கள். "எல்லாம் கற்பனைதான்" என்பாள். உள்ளுக்குள், உன்னையும் நாளைக்குக் கோழியாக்குகிறேன் பார் என்று கறுவிக்கொள்வாள்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் தன் கடை மாடியில் அவளுக்கு ஒரு கண்காட்சி வைத்தார். கணவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொந்தபந்தம் முழுவதையும் அழைத்துவிட்டான். பாராட்டு வந்தால் அதில் பாதி தனக்கு என்பது அவன் கணக்கு.

மைனாவின் முன்னால் வந்து நின்ற நாத்தனார் நகரவில்லை.

"அண்ணி, இது நான்தானே?"

"அது மைனாம்மா."

"மைனாதான். ஆனா நான். கழுத்தை வெட்டித் திருப்புறதைப் பாருங்களேன்! எல்லாரும் இங்க வாங்க, அண்ணி என்னை வரைஞ்சிருக்காங்க!"

அவ்வளவுதான், ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். "அட, நான் இங்கல்ல படுத்திருக்கேன்!" என்று கூவிய சித்தப்பா, பூனைக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒற்றைக்கண்ணை மூடிப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். கணவன் மட்டும் புறாவை வெகுநேரம் ரசித்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டான். எல்லோரும் அவசரமாக அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த விஷத்தைச் சர்க்கரைப் பாகு மாதிரி நக்குகிறார்களே! சூடு சொரணை இல்லாத ஜென்மங்கள்.

அப்போதுதான் ஓரகத்தி அருகில் வந்தாள். கணவனின் அண்ணன் மனைவி. எல்லோருடைய கைப்பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு, படங்களை ஒன்றுவிடாமல் பார்த்து முடித்திருந்தாள்.

"நான் எதுல இருக்கேன்?"

அந்த வீட்டில் பரிமாறவும் பாத்திரம் ஒழிக்கவும் ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு மேல் இவள் அவளைப் பற்றி நினைத்ததே இல்லை.

"உங்களை இன்னும் வரையலக்கா."

"கேலி பண்ணக்கூட என் ஞாபகம் வரல, இல்ல?"

பைகளை அவரவர் கையில் திணித்துவிட்டு ஓரகத்தி படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்த வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சில நாள் கழித்துப் படம் வரையும் நோட்டோடு ஓரகத்தி வீட்டுக்குப் போனாள். அடுக்களையில் ஓரகத்தி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து பென்சிலை எடுத்தால் கை ஓடவில்லை. சாதுவான ஒரு சிட்டுக்குருவியாகப் போட்டு ஒப்பேற்றிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு யாரைக் கண்டா எரிச்சல் வரும்?"

கத்தி நின்றது. ஓரகத்தி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"உன்னைப் பூனை பிரசவம்னு கேட்கிற சின்ன மாமாவுக்குத் தெரிஞ்சது அந்த ஒரே ஒரு ஜோக். நாம சிரிக்கிறதை நிறுத்திட்டா மனுஷன் ஊமையாயிடுவார். நாத்தனார் அன்னைக்குப் பெருந்தன்மையா சிரிச்சாள்னு நினைச்சியா? தன்னைப் பத்தி யார் எது பேசினாலும் அவளுக்குப் போதும், திட்டினாலும் சரி. என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தாலும் பேச்சு கிடையாது, சந்தோஷம் வந்தாலும் கிடையாது. பசி வந்தா மட்டும் தெருவுக்கே கேட்கும். அப்புறம் நீ."

"நானா?"

"எல்லாரையும் அளந்து வச்சிருக்கோம்னு உனக்கு நினைப்பு. சத்தம் போடறவங்களை மட்டும்தான் நீ பார்க்கற. அதுக்கு எதுக்கு ஒரு ஓவியர்?"

சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். இவளுக்குக் காது மடல் எரிந்தது. ஆனால் பென்சில் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

சிட்டுக்குருவி வரவில்லை. மதில்மேல் முன்கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கும் ஒல்லியான கறுப்புப் பூனை வந்தது. கீழே பறவைகள் அடித்துக்கொள்வதை அது பாதிக்கண்ணால் பார்க்கிறது. பாய்வதற்குக்கூட ஒன்றும் லாயக்கில்லை என்று முடிவு கட்டிய பார்வை. அவள் அதுவரை வரைந்த எதற்கும் அப்படி ஒரு முகம் அமைந்ததில்லை.

வண்ணம் தீட்டிக் கொண்டுபோய்க் காட்டியபோது ஓரகத்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"காது சின்னதா இருக்கு. எனக்கு இதைவிட நல்லாக் கேட்கும்."

பூனைக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். அங்கேயே உட்கார்ந்து காதைப் பெரிதாக்கிக் கொடுத்தாள்.

ஓரகத்தி அதைக் கூடத்தில் மாட்டவில்லை; அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மாட்டிக்கொண்டாள். உள்ளே வருகிறவர்கள், "இது நம்மள்ல யாரு?" என்று ஆவலாகக் கேட்பார்கள்.

"யாருமில்லை, ஏதோ பூனை" என்பாள் அவள், காயைக் கழுவிக்கொண்டே.