விட்டுக்கொடுத்த ஏஜெண்ட்டுகள்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆய்வகத்தில், ஒரே அறையில், முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்றால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள். நம்பியவர்களும் "சண்டை எப்போ?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். சண்டை வரவேயில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

இருவருக்கும் ஆராய்ச்சி ஒன்றுதான். நமக்குப் பதிலாக இணையத்தில் பேரம் பேசி, இடம் பிடித்து, விண்ணப்பம் போடுகிற மென்பொருளை உருவாக்குவது. ஏஜெண்ட் என்பார்கள். இருவர் வேலையும் தற்காலிகம். மாதக் கடைசியோடு சரி. இந்த நேரம் பார்த்து ஆய்வகம் நிரந்தர ஆராய்ச்சியாளர் பதவி ஒன்றை அறிவித்தது. ஒன்றே ஒன்று. கிடைக்காதவள் வேறு ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அண்ணிக்கு அந்தப் பதவி மேல் கொள்ளை ஆசை. கனவில்கூடக் கதவில் தன் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் குட்டியை நினைத்தால் (நாத்தனாரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்) மனசு கேட்கவில்லை. விண்ணப்பத்தைப் போட்டாள், கூடவே தன் ஏஜெண்ட்டுக்கு ஒரு கட்டளையும் போட்டாள். விண்ணப்ப இணையதளத்தில் குட்டியின் பெயர் இருந்தால் என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு. இல்லாவிட்டால் மறுபடி போடு. யாரோ மூன்றாம் ஆள் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாதில்லையா! தியாகம் செய்த பூரிப்பில், சர்க்கரை போட்ட தேநீரிலேயே இன்னொரு தரம் சர்க்கரை போட்டுக்கொண்டாள்.

அன்று காலை குட்டியும் அதே கட்டளையைத் தன் ஏஜெண்ட்டுக்குக் கொடுத்திருந்தாள். அது அண்ணிக்கு எப்படித் தெரியும்?

இரண்டு ஏஜெண்ட்டும் அவர்கள் சேர்ந்து எழுதிய ஒரே நிரலில் ஓடுபவை. ஒரே நொடியில் விழித்தன, ஒரே நொடியில் பார்த்தன, ஒரே நொடியில் விலகின. மறுபடி பார்த்தால் எதிராளியைக் காணோம். இரண்டும் திரும்பி வந்தன. வாசலில் எதிரெதிரே வந்த இரண்டு பேர், வழி விடுகிறேன் என்று ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும், அந்தக் கதைதான். இந்தக் கோளாறைத் தடுப்பது பற்றி அண்ணியே கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கியிருக்கிறாள். ஆளுக்கு வேறு வேறு நேரம் காத்திருக்கச் சொன்னால் போதும். ஊருக்குத்தான் உபதேசம்!

ஒவ்வொரு விலகலுக்கும், ஒவ்வொரு வரவுக்கும் இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் போனது. மதியத்துக்குள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

"என்னம்மா இது? போடறீங்க, எடுக்கறீங்க, போடறீங்க, எடுக்கறீங்க! என் போன் அதிர்ந்து அதிர்ந்து மேசையிலேர்ந்து கீழயே விழுந்துடுச்சு!"

அண்ணி குட்டியைப் பார்த்தாள். குட்டி கூரையைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, நீயுமா?"

"நீங்க மட்டும் பண்ணலாம், நான் பண்ணக் கூடாதா அண்ணி?"

இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தால் மூக்கு வழியாக வந்தது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை.

"முதல்ல அந்த ரெண்டையும் நிறுத்துங்க. வாயால சொல்லுங்க, இந்த வேலை யாருக்கு வேணும்?"

"குட்டிக்கு" என்றாள் அண்ணி. "அண்ணிக்கு" என்றாள் குட்டி. அதுவும் ஒரே நொடியில்.

இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார். "புரோகிராமைத் திருத்திடலாம். உங்களை யாரு திருத்தறது?"

அண்ணி மேசைப் பக்கம் ஓரடி முன்னால் வந்தாள். நல்லவள் என்று பேர் வாங்குவது எவ்வளவு சுகமாக இருந்தது! ஆனால் ஆசைப்பட்டதை ஆசைப்படவில்லை என்று நடிப்பதற்கா இத்தனை வருஷம் படித்தாள்?

"எனக்கு வேணும்" என்றாள். குரல் தேவைக்கு மேலேயே எழும்பிவிட்டது. "ரொம்ப வேணும் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, குட்டியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. மெல்லத் திரும்பினாள். குட்டி வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"அப்பாடா! எனக்கும்தான் அண்ணி! சொல்ல முடியாம செத்துட்டிருந்தேன்!"

"அப்ப செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் இன்டர்வியூவுக்கு வாங்க. இப்ப கிளம்புங்க" என்றார் இயக்குநர்.

வெளியே வந்ததும் குட்டி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றினாள். போகிற வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"அண்ணி, சொல்லிட்டேன். செவ்வாய்க்கிழமை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"விட்டுக்கொடுத்துதான் பாரேன்" என்றாள் அண்ணி, மூச்சு வாங்க. "ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்காதே!"