எதிர்க்கட்சிக்காரர்

நனைத்த துண்டைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் விரித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மாமனார் கூப்பிட்டார்.

"மணி பத்துகூட ஆகல மாப்பிள்ளை. இன்னைக்கு எவ்வளவு?"

"எட்டரைக்கே முப்பத்தாறு டிகிரி, மாமா."

பதினாறு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைச் சண்டை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும். மருமகனுக்கு வானிலை நிலையத்தில் வேலை. தினமும் வெப்பமானியைப் பார்த்துக் குறிக்கிறவர். மாமனார் அனல்மின் நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் பாய்லர் பார்த்தவர். பூமி சூடாவதற்கு மனுஷன்தான் காரணம் என்பார் மருமகன். "சூரியன் கூடும், குறையும். அதுக்கு நான் என்ன பண்றது? பொண்ணைக் கொண்டுபோய் ஒரு தெர்மாமீட்டருக்குக் கட்டிக் கொடுத்தேன் பாருங்க" என்பார் மாமனார். "பூமி சூடாகுதோ இல்லையோ, இந்த வீடு சூடாகுது" என்று மனைவி சமையலறையிலிருந்து கத்துவாள்.

நுரையீரல் கெட்டு, மாமனார் ஆக்சிஜன் மிஷினோடு படுத்து ஆறு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் கைதான் ஓங்கியிருந்தது. மருமகன் வாயைத் திறந்தாலே மிஷினைக் காட்டுவார். "இது எதுல ஓடுது? உங்க தெர்மாமீட்டர்லயா?" ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் மருமகனுக்குப் பொறுக்காது, போகிற போக்கில் அணைத்துவிடுவார். அதற்கும் ஒரு குத்தல் உண்டு. "கரண்ட் எடுக்கிறது நான், அணைக்கிறது நீங்க. நல்ல குடும்பம்."

இன்று அவர் மிஷினைக் காட்டவில்லை. மூக்கில் குழாயோடு, சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்.

"நீங்க சொல்றதுதான் சரி, மாப்பிள்ளை."

"எது மாமா?"

"எல்லாம்தான்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ரயில் ரயிலா வரும் நிலக்கரி. கடைசில கொஞ்சம் சாம்பல் மிஞ்சும். மீதி எங்க போச்சு? மேலதான போச்சு. எனக்குத் தெரியாதா? எரிச்சது நான்தான?"

பதினாறு வருடமாகக் கேட்க ஆசைப்பட்ட பேச்சு. ஆனால் ஊருக்குக் கிளம்புகிறவர் சாவியை நீட்டுவதுபோல இருந்தது அந்தக் குரல்.

"அதெப்படி மாமா?" என்றார் அவசரமாக. "சூரியன் இருக்குல்ல? கூடும் குறையும்னு நீங்கதான சொல்வீங்க. எரிமலை வேற..."

"எரிமலைய நான் எப்பச் சொன்னேன்?"

"இப்ப நான் சொல்றேன். அதோட, நீங்க ஒருத்தர் மட்டுமா எரிச்சீங்க? சுவிட்சைப் போட்டது நாங்க எல்லாரும்தான."

"அது உங்க கட்சி மாப்பிள்ளை." சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "என் கட்சியப் பேசக்கூட உங்களுக்குச் சரியா வரல."

"நாளைக்கு நல்லா தயார் பண்ணிட்டு வர்றேன். விடமாட்டேன்."

"ம்" என்றார் மாமனார். அந்த 'ம்'மில் சண்டை இல்லை.

மூன்று மணிக்கு மனைவி தண்ணீர் கொண்டுபோய், "அப்பா" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டது புருஷனை.

சாயங்காலம், கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். மாமனாரோடு அதே பாய்லரில் வேலை பார்த்த பழைய சிநேகிதர் வந்தார். வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மருமகன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். புறங்கையில் பழைய தீக்காயத் தழும்பு.

"வாரா வாரம் போன் பண்ணுவான். இன்னைக்கும் தெர்மாமீட்டரை மடக்கிட்டேன்னு." கொஞ்சம் தயங்கினார். "கடைசி வரைக்கும் அவன் ஒத்துக்கலைல்ல?"

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். காலையில் அவளும் பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

"ஒத்துக்கல" என்றார் மருமகன். "எனக்குத்தான் பதில் சொல்ல முடியாமப் போச்சு."

"அதான பார்த்தேன்." தழும்பைத் தடவிக்கொண்டே அவர் நாற்காலியில் சாய்ந்தார். மனைவி அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

எல்லாம் முடிந்து வீடு காலியானதும் மருமகன் உள்ளே போனார். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தார். இருட்டில்தான் காதில் விழுந்தது, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் நினைவு வரவில்லை. தலையணையில் கிடந்த குழாயின் நுனியை விரலால் தொட்டார். காற்று வந்துகொண்டிருந்தது. கை சுவிட்ச் வரை போனது.

"அதை அணைக்கலையா?" என்றாள் மனைவி, வாசற்படியில் நின்று.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்."

அவள் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.